வேகத்தை விற்று வலிமை வாங்கு

ஆம்பூர்ப் பிள்ளைகள் வண்டி செய்யச் சக்கரம் தேடி அலைந்ததில்லை. எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். சோல் வெட்டியதுபோக மிஞ்சிய ரப்பர்த் துண்டு, இன்சோல் அட்டை, விரல் அகலத் தோல் வார், அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்யூஷன் டப்பா என்று ஏதாவது ஒன்று வீட்டு மூலையில் கிடக்கும். சைக்கிள் கடை வாசலில் வளைந்த போக்ஸ் கம்பியும் கிழிந்த டியூபும் கிடைக்கும். பெட்டிக்கடை முன்னால் சோடா மூடி பொறுக்கலாம். காசு கேட்ட பொருட்கள் இரண்டுதான்: செல், மோட்டார்.

1980-களின் நடுவில் எனக்குப் பதினொரு வயது. மாரியம்மன் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கார் ஒரு வாரம் ஓடி நின்றுபோனது. அதை உடைத்தேன். உள்ளேயிருந்து கட்டைவிரல் நுனி அளவில் ஒரு மோட்டார் வந்தது. செல்லை வைத்துத் தொட்டதும் வண்டுபோல் ரீங்கரித்தது. அன்று மாலையே இன்சோல் அட்டையில் உடல் வெட்டி, சோல் ரப்பரில் நாலு சக்கரம் வெட்டி, அதில் ஒன்றை நேராக மோட்டாரின் அச்சிலேயே குத்திவிட்டேன். கையில் தூக்கிப் பிடித்தபோது சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. திண்ணையில் இறக்கி வைத்தேன். நின்றுவிட்டது. மறுபடி தூக்கினால் சுழன்றது. இறக்கினால் நின்றது.

இவ்வளவு வேகமாகச் சுற்றும் ஒன்றால் ஏன் ஓர் அட்டை வண்டியை நகர்த்த முடியவில்லை? இந்த அத்தியாயம் அந்தத் திண்ணைக் கேள்விக்கான பதில்.

குதிரை இல்லாத தேர்

மோட்டாருக்கு முன்பும் நம் பிள்ளைகளிடம் வண்டி இருந்தது. நுங்குக் காலத்தில் பெரியவர்கள் தின்று போட்ட இரண்டு நுங்குக் கூந்தல்களை ஒரு குச்சியால் கோத்து, நடுவில் கவட்டைக் கம்பைக் கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. தேய்ந்த சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டினால் டயர் வண்டி. மெக்கானிக் கடையில் கெஞ்சி வாங்கிய பழைய பேரிங்கைப் பலகைக்கு அடியில் மாட்டினால் பேரிங் வண்டி.

இந்த ஆசைக்கு வயது மிக அதிகம். சிந்துவெளியின் அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுடுமண் பொம்மை வண்டிகளும் அவற்றின் சக்கரங்களும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், குழந்தைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. குதிரை பூட்டாத தேர் அது என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் கவனித்துச் சொல்கிறார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்தின் பெயரே சிறுதேர்ப் பருவம். குழந்தை நடந்து, பேசி, பறை முழக்கிய பிறகு தேர் உருட்டத் தொடங்குவதை ஒரு வளர்ச்சிப் படியாக நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள்.

குதிரை இல்லாத அந்தத் தேருக்குக் குழந்தையின் காலும் கையும்தான் ஆற்றல். கால் வலித்தால் தேர் நிற்கும். தானாக ஓடும் சிறுதேருக்கு உலகம் 19-ஆம் நூற்றாண்டுவரை காத்திருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லர், இரும்பு ஆலையில் பார்த்த மின்காந்தம் ஒன்றில் மனத்தைப் பறிகொடுத்து, அதை வாங்கி வந்து பிரித்துப் பார்த்து, 1834-இல் ஒரு மின்மோட்டாரைச் செய்தார். அதை வைத்து வட்டமான தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டியையும் ஓட்டிக் காட்டினார். 1837-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மின்சாரத்தால் ஓடிய உலகின் முதல் வண்டிகளில் ஒன்று, ஒரு கொல்லர் செய்த பொம்மை.

மூன்று கைகளின் ரகசியம்

பொம்மை மோட்டாரின் தகர மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. சுவரை ஒட்டி வளைந்த இரண்டு காந்தங்கள். நடுவில், அச்சில் கோத்த இரும்புக்கு மூன்று கைகள். ஒவ்வொரு கையிலும் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அச்சின் ஒரு முனையில் மூன்றாகப் பிளந்த செம்பு வளையம், அதை இருபுறமும் உரசிக்கொண்டு இரண்டு தகடுகள்.

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தற்காலிகக் காந்தமாகும். நிலைக்காந்தம் அதை இழுக்கும். இழுத்த இழுப்பில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் கதை முடிந்தது. அப்படி நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதே பிளந்த வளையத்தின் வேலை. கை காந்தத்தை நெருங்கும் நேரத்தில் வளையத்தின் பிளவு தகட்டைக் கடக்கிறது, மின்சாரத்தின் திசை மாறுகிறது, இதுவரை இழுத்த காந்தம் இப்போது தள்ளுகிறது. நொடிக்கு நூறு முறைக்கு மேல் இது நடக்கிறது.

கை ஏன் மூன்று? இரண்டு மட்டும் இருந்தால், மோட்டார் நிற்கும்போது தகடு சரியாகப் பிளவின் மேல் அமர்ந்துவிட வாய்ப்புண்டு. அப்புறம் செல்லைக் கொடுத்தாலும் அசையாது. மூன்று இருந்தால் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு கைக்கு மின்சாரம் போகும்.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். கழிவுப் பொருட்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தந்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா பரப்பிய ஒரு மோட்டார் உண்டு. ஒரு செல், இரண்டு ஊக்குகள், அவற்றைச் செல்லோடு இறுக்கச் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம், ஒரு காந்தம், ஒரே ஒரு கம்பிச் சுருள். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுதும் சுரண்ட வேண்டும், மறு முனையில் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பாதிச் சுரண்டல்தான் அங்கே பிளந்த வளையத்தின் வேலையைச் செய்கிறது. ஒரே சுருள் என்பதால் முதலில் விரலால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும்.

ஜப்பானில் 1954-இல் தொடங்கப்பட்ட மாபுச்சி போன்ற நிறுவனங்கள் இந்தச் சிறு மோட்டாரைக் கோடிக்கணக்கில் செய்து உலகக் குழந்தைகளின் கையில் சேர்த்தன. பொம்மைகளில் பரவலாக இருக்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். 1.5 வோல்ட்டில், சுமை ஏதுமில்லாமல் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 9,000 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 150 சுற்று. அதன் முறுக்கு வலு எவ்வளவு? அச்சில் ஒரு சென்டிமீட்டர் நீளக் கை கட்டினால், அந்தக் கையின் நுனியில் சுமார் 25 கிராம் தொங்கினாலே மோட்டார் நின்றுவிடும். அரைக் கோழிமுட்டையின் எடை.

இப்போது என் திண்ணை வண்டிக்கு வருவோம். நான் குத்திய சக்கரத்தின் விட்டம் 4 சென்டிமீட்டர், சுற்றளவு சுமார் 12.5 சென்டிமீட்டர். நொடிக்கு 150 சுற்று என்றால் நொடிக்கு 19 மீட்டர் ஓட வேண்டும். மணிக்கு 68 கிலோமீட்டர்! ஆம்பூர் வழியே போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி போகும் வேகத்தை அந்த அட்டை வண்டியிடம் நான் கேட்டிருக்கிறேன். தரையைத் தள்ள அதனிடம் இருந்த விசையோ 12 கிராம் சொச்சம். பெரிய செல்லைச் சுமந்த வண்டி அதற்கு அசையுமா?

டிரம் சொன்ன கணக்கு

விடையைக் காட்டியவர் என் மாமா. வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் ஃபிட்டர்.

"இன்னாடா, சக்கரத்த நேரா மோட்டார்லயே மாட்டிட்டியா?"

"ஆமா மாமா. கையில புடிச்சா சுத்துது, தரையில வெச்சா நின்னுடுது."

"நாளைக்கு என்கூட வா. டிரம்மு எப்படி சுத்துதுன்னு பாரு."

தோல் பதனிடும் டிரம்மைப் பார்க்காதவர்களுக்கு: மரப்பலகைகளை இரும்புப் பட்டையால் இறுக்கிச் செய்த ராட்சதப் பீப்பாய் அது, படுக்கை வாக்கில் கிடக்கும். உயரம் இரண்டு ஆள் இருக்கும். உள்ளே தோல், தண்ணீர், பதனிடும் மருந்து. டிரம் சுற்றச் சுற்றத் தோல்கள் மேலே ஏறி, தொப்பென்று விழுந்து, மருந்தை உள்வாங்கும். அன்று நான் பார்த்த டிரம் நிதானமாக, கோயில் யானை நடப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டு தலைதெறிக்கச் சுற்றியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட்டும் பல்சக்கரங்களும்.

ஆலைகளில் இருக்கும் இத்தகைய மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,440 சுற்று வாக்கில் ஓடும். டிரம்முக்கு வேண்டியது நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு சுற்று. ஏன் அவ்வளவு குறைவு என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். 3 மீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்குச் சுமார் 24 சுற்றைத் தாண்டினால், மேலே ஏறிய தோல் கீழே விழாது. வாளித் தண்ணீரைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் சிந்தாமல் இருக்கிறதே, அதேபோல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். விழாத தோல் பதமாகாது. ஆகவே அந்த எல்லைக்குப் பாதியில் ஓட்டுகிறார்கள்.

1,440-ஐ 12 ஆக்க வேண்டும். 120 பங்கு குறைப்பு. பெல்ட்டில் ஒரு முறை, பல்சக்கரத்தில் ஒரு முறை என்று படிப்படியாகக் குறைக்கிறார்கள். சின்னக் கப்பி பத்துச் சுற்று சுற்றினால்தான் அதைவிடப் பத்து மடங்கு பெரிய கப்பி ஒரு சுற்று சுற்றும். வேகம் பத்தில் ஒன்றாகும்போது முறுக்கு விசை பத்து மடங்காகிறது. உராய்வில் கொஞ்சம் சேதாரம் போகும். மற்றபடி வரவும் செலவும் நேராகிவிடும். இயற்பியலில் இதற்கு ஆற்றல் அழியாமை என்று பெயர். மாமா அதை இப்படிச் சொன்னார்: "வேகத்தக் குடுத்துடு, வலுவ வாங்கிக்க."

பெல்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வருவதற்கு முன்பு, ஆலைகளில் ஒரே நீராவி இயந்திரம் மேலே ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெல்ட் இறங்கும். அந்த பெல்ட்டுகள் தோலால் ஆனவை. உலகத்தின் ஆலைகளை ஒரு காலத்தில் ஓடவைத்த வாரும் தோல் பதனிடுகிறவர்களின் கையிலிருந்து போனதுதான்.

சோடா மூடிக் கப்பி

வீட்டுக்கு வந்து வண்டியைப் பிரித்தேன். இரண்டு சோடா மூடிகளின் நடுவில் ஆணியால் துளையிட்டு, தட்டையான முதுகுகள் ஒட்டும்படி சேர்த்தால் நடுவில் தானாகவே ஒரு பள்ளம் விழும். அதுதான் கப்பி. பின் சக்கரங்களை ஒரு போக்ஸ் கம்பியில் கோத்து, கப்பியையும் அதே கம்பியில் இறுக்கினேன். கம்பி வழுக்கிச் சுற்ற, தீர்ந்த பேனா ரீஃபிலை இரண்டு துண்டாக வெட்டி அட்டைக்கு அடியில் ஒட்டினேன். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மோட்டாரின் அச்சிலிருந்து மூடிக் கப்பிக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய மெல்லிய ரப்பர் வளையம்.

மோட்டார் அச்சின் விட்டம் 2 மி.மீ. மூடியின் தட்டை முதுகின் விட்டம் சுமார் 26 மி.மீ. ஆக 13 பங்கு குறைப்பு. சுமையோடு மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் சக்கரம் 460 சுற்று சுற்றும். வண்டி நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். ஒரு சிறுவன் கூடவே நடந்து போகும் வேகம். தரையைத் தள்ளும் விசையோ 12 கிராமிலிருந்து 100 கிராமுக்கு மேல் ஏறிவிட்டது. வண்டி திண்ணையைக் கடந்து, வாசல் மண்ணில் இறங்கி, கல்லில் முட்டும்வரை ஓடியது.

நீங்கள் செய்து பார்க்கும்போது ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் அச்சின் மேல் சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டைச் செருகுங்கள். அச்சின் தடிமன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வழவழப்பான மொசைக் தரையில் வண்டி முன்னைவிட வேகமாகப் பறக்கும். மண் தரையில் திணறும். துண்டை எடுத்துவிட்டால் மண்ணில் ஏறும், மொசைக்கில் மெதுவாகப் போகும். பேருந்து ஓட்டுநர் ஏலகிரி மலையில் ஏறும்போது ஏன் கியரைக் குறைக்கிறார் என்பது இந்த அரை அங்குல ரப்பர்க் குழாயில் விளங்கிவிடும். ஜப்பானில் 1982-இல் தமியா நிறுவனம் கொண்டுவந்த மினி 4டபிள்யூடி பந்தயக் கார்களிலும் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். மூன்றரைக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் பந்தயப் பாதைக்குத் தோதானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சக்கரத்துக்கு ஏன் சோல் ரப்பர் நன்றாக அமைகிறது? பிடிமானம் வேண்டும், அதே நேரம் சிறு மேடுபள்ளத்துக்கு வளைந்தும் கொடுக்க வேண்டும். உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பர் இரண்டையும் செய்யும். இந்த ரப்பருக்கு வேலூரில் ஒரு பெருமைக்குரிய வரலாறு உண்டு. தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க, வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் எம்.சி.ஆர். காலணிகளை உருவாக்கினார்கள். உடலின் எடையை ஒரே புள்ளியில் விழவிடாமல் பரப்பிவிடுவது அதன் தத்துவம். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித்தரும் செருப்பும் அதே வகைதான்.

வெயிலில் காய்ந்த செல்

செல் தீர்ந்துபோனால் வெயிலில் காயவைப்போம். ஓட்டின் மேல் வரிசையாக செல் காயாத வீடு எங்கள் தெருவில் இல்லை. சாயங்காலம் எடுத்துப் போட்டால் வண்டி இன்னும் நாலு சுற்று ஓடும். சூரியனின் ஆற்றல் செல்லுக்குள் ஏறிவிட்டது என்று நம்பினோம்.

நடந்தது வேறு. அந்தக் கால செல்லுக்கு வெளிக்கூடு துத்தநாகம், நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த கறுப்புப் பசை. மின்சாரம் எடுக்க எடுக்க, வேதிவினையில் உண்டாகும் பொருட்கள் மின்முனைகளின் அருகே குவிந்து வழியை அடைத்துக்கொள்கின்றன. ஓய்வும் வெப்பமும் கிடைத்தால் அவை மெல்லப் பரவி விலகும், உள்தடை குறையும். புதிய ஆற்றல் எதுவும் சேரவில்லை. உள்ளேயே மிஞ்சியிருந்தது வெளியே வர வழி கிடைத்தது.

இன்னொரு தந்திரமும் தெரியும். பழைய செல்லில் வண்டி கிளம்பாது, கையால் தள்ளிவிட்டால் ஓடும். காரணம் அழகானது. சுழலும் மோட்டார் தானே ஒரு சின்ன ஜெனரேட்டராகி, செல்லுக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அதனால் ஓடும்போது அது இழுக்கும் மின்சாரம் குறைவு. நிற்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே கிளம்பும் நொடியில் ஓட்டத்தைப்போல் மூன்று மடங்கு மின்சாரம் கேட்கும். தளர்ந்த செல்லால் அதைத் தர முடியாது.

இரண்டு பொம்மை மோட்டார்களைக் கம்பியால் இணைத்து, ஒன்றின் அச்சை வேகமாகச் சுழற்றுங்கள். மற்றது தானாகச் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, ஓட்டத்தின் ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பும் மின்வாகனங்களின் வித்தை இதுதான். 2021-இல் ராணிப்பேட்டையில் மின்ஸ்கூட்டர் ஆலை திறக்கப்பட்டது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலைகள் வந்தன. திண்ணையில் மோட்டாரை உடைத்துப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

மலைமேல் ஒரு சுற்று

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவப் பகுதியில் சந்திரயான்-3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். தரையிறங்கியிலிருந்து உருண்டு வந்த பிரக்யான், 26 கிலோ எடையும் ஆறு சக்கரமும் கொண்ட ஒரு மோட்டார் வண்டி. வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். என் சோடா மூடி வண்டியின் வேகத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு! தூளான நிலா மண்ணில் புதையாமல், பள்ளத்தில் ஏறி இறங்க வலு வேண்டும். அதற்காக வேகத்தை விற்றுவிட்டார்கள். இத்தகைய ஊர்திகளைச் சோதிக்க, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளை அரைத்து நிலா மண்ணைப்போல் செய்து பயன்படுத்தியது இஸ்ரோ.

இன்னும் மெதுவாகச் சுற்றும் ஒன்று நம் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டு, 1986 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. பூமி சுழல்வதால் விண்மீன் தொலைநோக்கியின் பார்வையை விட்டு விலகிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்த, பூமி சுழலும் அதே விகிதத்தில் தொலைநோக்கியை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். ஒரு முழுச்சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் என்ற விகிதம்.

டேனரியின் மோட்டார் ஒரே நிமிடத்தில் 1,440 சுற்று சுற்றுகிறது. மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்கு ஒரு சுற்றின் கணக்கு 1,436 நிமிடம். கீழே பாலாற்றங்கரையில் டிரம், மேலே காவலூரில் விண்மீன். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு சோடா மூடி வண்டி. மூன்றையும் ஓட்டுவது, வேகமாகச் சுற்றும் ஒன்றை நிதானப்படுத்தும் ஒரே அறிவு.

இன்று பொம்மைக் கடைகளில் ரிமோட் கார் குவிந்து கிடக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள். அது உடைந்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். செல்போனிலும் ரிமோட் காரிலும் வரும் லித்தியம் பேட்டரியை மட்டும் பிரிக்க விடாதீர்கள், அது தீப்பிடிக்கும். தோல் துண்டுகளை எரிக்கவும் விடாதீர்கள், குரோமியம் ஊட்டிய தோலின் புகையும் சாம்பலும் நஞ்சு. மற்றபடி வெட்டட்டும், ஒட்டட்டும், கம்பியைச் சுரண்டட்டும்.

அவர்கள் செய்யும் முதல் வண்டி பெரும்பாலும் ஓடாது. அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். சுற்றுகிற சக்கரம் தரையில் வைத்ததும் ஏன் நின்றது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர்களே யோசிக்கட்டும்.